கேமரன் மலையில் சைவ அம்மாவோடு நான்கு நாள்: எங்கே சாப்பிடுவது?

கேள்வி: ஜூன் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் ஈசூனிலிருந்து காரில் மலேசியாவின் கேமரன் மலைக்குப் போகிறோம். நான்கு நாள். நான், கணவர், 10 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 73 வயது அம்மா. அம்மா சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார், இனிப்பு நீரும் (சர்க்கரை நோய்) உண்டு. கணவருக்குக் கறி இல்லாமல் ஆகாது. சின்னவனுக்குக் காரம் ஒத்துவராது. அங்கே மேசையிலேயே சூப்பில் வேகவைத்துச் சாப்பிடும் ஸ்டீம்போட்டையும் ஸ்ட்ராபெரியையும் விட்டால் வேறொன்றும் இல்லை என்கிறார்கள். எங்கே சாப்பிடுவது? ரைஸ் குக்கரை எடுத்துப் போகட்டுமா?

பதில்:

வணக்கம் சகோதரி. முதலில் அம்மாவின் பயத்தைப் போக்கிவிடுங்கள். கேமரன் மலையில் அவருக்கு வேளாவேளைக்குச் சோறும் ரசமும் கிடைக்கும். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்ற வெள்ளைக்காரர் அங்கே 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து, அந்தச் சரிவுகளில் கொழுந்து கிள்ளியவர்களில் நம் ஆட்கள் ஏராளம். தோட்டத்துக்குள்ளேயே தமிழ்ப்பள்ளி வந்தது, கோயில் வந்தது. பிள்ளைகள் தோட்டத்தை விட்டு ஊருக்குள் இறங்கியபோது சாப்பாட்டுக் கடைகளும் வந்தன. இன்று தோட்ட வேலைக்கு வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஆனால் ஊர்க் கடைகளில் கரண்டி இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.

என் அம்மா அப்படியொரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். கல்யாணமாகிச் சிங்கப்பூருக்கு வந்துவிட்டார். பெரியம்மா மலையிலேயே தங்கிவிட்டார். அதனால் சின்ன வயதில் எனக்கு ஜூன், டிசம்பர் விடுமுறை என்றாலே கேமரன் மலைதான். இப்போதும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய் வருகிறேன். என் மாமியார் உங்கள் அம்மாவைப் போலவே முட்டை தொடாத சைவம். ஆகவே நீங்கள் கேட்டதெல்லாம் நான் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம்.

எந்தக் கடை என்று பார்ப்பதற்கு முன்னால் எந்த ஊரில் தங்குகிறீர்கள் என்று பாருங்கள். சாப்பாட்டில் பாதி அங்கேயே முடிவாகிவிடும். கேமரன் மலை என்பது ஒரே ஊர் இல்லை, ஒரே சாலையில் கோத்த பல ஊர்கள். கீழே தாப்பாவிலிருந்து ஏறினால் முதலில் ரிங்லெட், பிறகு தானா ராத்தா, அதற்கு மேலே பிரிஞ்சாங், அதைத் தாண்டி காய்கறிச் சந்தைகள் இருக்கும் கியா ஃபார்ம், கடைசியில் கம்போங் ராஜா. தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் நடுவில் நான்கைந்து கிலோமீட்டர்தான். வாரநாளில் பத்து நிமிஷம். பள்ளி விடுமுறைச் சனிக்கிழமையில் அதே தூரத்துக்கு ஒரு மணி நேரம் காரில் உட்கார்ந்திருக்கிறேன். கியா ஃபார்ம் பக்கம் அதைவிட மோசம். பக்கத்தில் குறுக்குச் சாலை எதுவும் கிடையாது, திரும்பவும் முடியாது. இனிப்பு நீருக்கு மாத்திரை போடும் ஒருவர் பசியோடு அந்த வரிசையில் மாட்டிக்கொள்வதை நினைத்துப் பாருங்கள். அதனால் நான் சொல்லும் முதல் யோசனை, தானா ராத்தாவில் தங்குங்கள், காலையும் மதியமும் காரை எடுக்காமல் நடந்தே போய்ச் சாப்பிடுங்கள். இன்னொன்று, கார் எங்கே போனாலும் அம்மாவுக்கென்று பிஸ்கட்டோ ரொட்டியோ கைப்பையில் இருக்கட்டும்.

பிரிஞ்சாங்கில் ஹோட்டல் அதிகம், வசதியும் அதிகம், தெரியும். ஆனால் அம்மாவுக்கு ஏற்ற கடைகள் தானா ராத்தாவின் பெரிய சாலையில்தான் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஊரே ஒரு நீளமான கடைவரிசைதான். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அம்மாவே மெதுவாக நடந்துவிடுவார்.

அங்கே பல காலமாக எல்லோரும் சொல்லும் இரண்டு பெயர்கள் ரெஸ்டோரான் குமார், ரெஸ்டோரான் ஸ்ரீ பிரிஞ்சாங். இரண்டாவதன் பெயரைப் பார்த்துவிட்டு பிரிஞ்சாங்குக்குப் போய்த் தேடாதீர்கள், அது இருப்பது தானா ராத்தாவில்தான். இரண்டிலும் காலையில் தோசை, ரொட்டி சானாய். மதியம் வாழையிலைச் சாப்பாடு. ரொட்டி சானாய் என்பது நம்மூர்ப் பிராட்டாதான், பிள்ளைகளுக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

மலையில் தோசைக்கு ஒரு தனி ருசி உண்டு. இரவில் அங்கே குளிர் 15, 16 டிகிரிக்கு இறங்கும். அந்தக் குளிரில் மாவு சட்டென்று புளிக்காது. சிங்கப்பூர்த் தேக்காவில் காலையில் கரைத்த மாவு சாயங்காலமே பொங்கி வழிந்துவிடும். மலையில் அது ஒரு ராத்திரி முழுக்க யோசிக்கும். பெரியம்மா மாவுப் பானையைப் பழைய கம்பளியில் சுற்றி, அடுப்புச் சூடு படும் மூலையில் வைப்பார். அப்படியும் சில நாள் காலையில் மாவு அசைந்திருக்காது, அன்றைக்குச் சப்பாத்திதான். மெதுவாகப் புளித்த மாவில் புளிப்பு தூக்கலாக இருக்காது. மொறுமொறுவென்று வார்த்த தோசையை அந்தக் குளிரில், கல்லிலிருந்து எடுத்த உடனே சாப்பிட வேண்டும். தட்டில் போட்டு ஐந்து நிமிஷம் படம் பிடித்துக்கொண்டிருந்தால் ஆறி விறைத்துவிடும். பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு 12 மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். இலைச் சாப்பாட்டில் காய்கள் தீரத் தீர வேறு காய்க்கு மாறிவிடும், 2 மணிக்கு மேல் போனால் மிச்சம் இருப்பதைத்தான் போடுவார்கள். சீக்கிரம் போனால் முட்டைக்கோஸ் பொரியலும் பீன்ஸும் இலையில் விழும். அதைக் கேட்டு இரண்டாம் தடவை வாங்குங்கள். தேக்கா சந்தையில் நாம் 'கேமரன் காய்' என்று வாங்குவது லாரியில் ஒரு நாள் பயணம் செய்து வந்தது. அங்கே சாப்பிடுவது முந்தின நாள் தோட்டத்தில் நின்றது. முட்டைக்கோஸில் இவ்வளவு இனிப்பு இருக்கிறதா என்று என் மாமியார் அங்கேதான் முதல் தடவை கேட்டார்.

சைவம் என்று சொல்வதில் கொஞ்சம் கவனம் வேண்டும். முதலாளி தமிழராக இருப்பார், பரிமாறும் பையன் தமிழ் தெரியாதவனாக இருக்கலாம். கல்லாவில் இருப்பவரிடம் நேராகப் போய், "அண்ணே, அம்மா சுத்த சைவம், முட்டையும் ஆகாது, பருப்பும் சாம்பாரும் மட்டும் ஊற்றச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்து உட்காருங்கள். இல்லையென்றால் பழக்க தோஷத்தில் பருப்போடு மீன் குழம்பையும் கலந்து ஊற்றிவிடுவார்கள், அந்தப் பக்கத்தில் நிறையப் பேர் அப்படித்தான் கேட்பார்கள். ரொட்டி போடும் கல்லிலேயே முட்டையும் உடைத்து ஊற்றுவார்கள், அதையும் அம்மா பார்த்து வருத்தப்படக்கூடும். எனவே அம்மாவுக்கு ரொட்டி வேண்டாம், தோசையோ இலைச் சாப்பாடோ போதும். மலாய்க் கடை என்றால் "தக் மாவ் தாகிங், தக் மாவ் ஆயாம், தக் மாவ் இக்கான், தக் மாவ் தெலூர்" (இறைச்சி, கோழி, மீன், முட்டை வேண்டாம்) என்று நான்கையும் சொல்லுங்கள். அதோடு 'பெலாச்சான்' (இறால் விழுது), 'ஊடாங் கெரிங்' (காய்ந்த இறால்) இரண்டும் வேண்டாம் என்றும் சேருங்கள். கங்கோங் கீரை பார்க்கச் சைவம்போலத்தான் இருக்கும், அதற்குள் இறால் மறைந்திருக்கும்.

குடிப்பதற்கும் ஒரு வார்த்தை. இங்கே காப்பிக்கடையில் 'சியூ தாய்' என்றால் சர்க்கரையைக் குறைத்துவிடுவார்கள். அங்குள்ள தமிழ்க் கடைகளிலும் மலாய்க் கடைகளிலும் 'குராங் மானிஸ்' என்றால்தான் சட்டென்று புரியும். அம்மாவுக்குத் 'தே ஓ கோசோங்', அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர், இது இரண்டு ஊரிலும் ஒன்றுதான். சாயங்காலக் குளிருக்குத் 'தே ஹாலியா' வாங்குங்கள், இஞ்சி தட்டிப் போட்ட தேநீர். வழக்கமாகக் கெட்டிப்பால் ஊற்றித்தான் தருவார்கள், அம்மாவுக்குப் பாலும் சர்க்கரையும் இல்லாமல் 'தே ஓ ஹாலியா கோசோங்' என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

உங்கள் கணவருக்குக் கஷ்டமே இல்லை. ஸ்ரீ பிரிஞ்சாங்கில் தந்தூரிக் கோழியும் நானும் கிடைக்கும், குமாரில் சட்டிச் சோறு. சின்னவனுக்கு அந்தச் சட்டிச் சோற்றையே 'தக் மாவ் பெடாஸ்' என்று காரமில்லாமல் செய்யச் சொல்லலாம். அதுவும் ஆகாவிட்டால் வெறுந்தோசையில் சர்க்கரை தூவினால் எந்தப் பிள்ளையும் சாப்பிட்டுவிடும்.

ராத்திரிச் சாப்பாட்டை 7 மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் நடுராத்திரிக்கும் ஏதாவது ஒரு கடை திறந்திருக்கும், அந்தப் பழக்கத்தோடு போனால் மலையில் ஏமாந்துபோவோம். 9 மணிக்குப் பல கடைகளில் நாற்காலியைக் கவிழ்த்துவிடுவார்கள்.

இப்போது ஸ்டீம்போட். அவ்வளவு தூரம் போய்விட்டு இதைச் சாப்பிடாமல் வரக்கூடாது, ஆனால் ஒரே ஒரு ராத்திரி போதும். பிரிஞ்சாங்கில் கரியடுப்பு ஸ்டீம்போட் போடும் கடையாகப் பாருங்கள். கேஸ் அடுப்பில் கொதிப்பதை ஈசூனிலேயே சாப்பிடலாம். நடுவில் புகைபோக்கி வைத்த பாத்திரத்தில் கரி கனன்றுகொண்டிருக்க, சுற்றிக் கொதிக்கும் சூப்பில் நாமே காய்களைப் போட்டு எடுத்துச் சாப்பிடுவதுதான் அந்த ஊர்க் குளிருக்குப் பொருத்தம். பிரிஞ்சாங் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பார்க்கத் தளதளவென்று கொதிக்கும், ஆனால் நம் வீட்டுக் கொதியைவிடச் சூடு குறைவு. கோழியும் மீன் உருண்டையும் போட்டால் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் வேகவிடுங்கள், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு. லயத்து வீடுகளில் பருப்பு வேகாமல் பெரியம்மா மல்லாடியதும் இதனால்தான். முதல் குக்கர் வாங்கிய நாளை அவர் ஏதோ வீட்டில் பிள்ளை பிறந்த நாள்போல நினைவில் வைத்திருந்தார்.

அம்மாவை ஸ்டீம்போட்டுக்குக் கூட்டிப்போவதென்றால் என் தவறைச் செய்யாதீர்கள். சில வருஷத்துக்கு முன்னால் மாமியாரை ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். "வெஜிடேரியன் சூப் இருக்கிறதா" என்று கேட்டேன், "இருக்கிறது" என்றார்கள். தெளிவான சூப் வந்தது. மாமியார் இரண்டு கிண்ணம் ரசித்துக் குடித்தார். மூன்றாவது ஊற்றும்போது அடியில் கோழி எலும்பு ஒன்று கரண்டியில் வந்தது. அவர்கள் புரிந்துகொண்டது 'காய் போட்ட சூப்' என்று, நான் கேட்டது வேறு. மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. கரண்டியை வைத்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றார். அன்று ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை. அந்த முகம் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

அதற்கப்புறம் நான் சூப்பே கேட்பதில்லை. இரண்டு தனிப் பாத்திரம் வாங்குவேன், ஒன்றில் வெறும் கொதிநீர். நடுவில் தடுப்பு வைத்த ஒரே பாத்திரம் வேண்டாம், ஒரு பக்கம் கொதித்தால் மறுபக்கம் தெறிக்கும். அந்தக் கொதிநீரில் முதலில் துண்டு போட்ட மக்காச்சோளம், முள்ளங்கி, தட்டிய இஞ்சி மூன்றையும் போட்டுப் பதினைந்து நிமிஷம் விடுங்கள். தண்ணீர் தானாகவே இனித்துவிடும். பிறகு காளான், தௌஹூ (சோயாக் கட்டி), நீளமான சீன முட்டைக்கோஸ், அப்புறம் வாட்டர்கிரெஸ் கீரை. இந்தக் கீரை மலையோடைத் தண்ணீரில் தழைத்து வளர்வது, லேசான காரம் இருக்கும், கொதியில் போட்ட உடனே எடுத்துவிட வேண்டும். தௌஹூவிலேயே முட்டை கலந்த வகை ஒன்று உண்டு, மஞ்சளாக உருளையாக இருக்கும், அது வேண்டாம். மஞ்சள் மீ நூடுல்ஸிலும் முட்டை இருக்கலாம், அரிசி நூடுல்ஸான மீஹூன் வாங்குங்கள். தொட்டுக்கொள்ளும் சாஸ் அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். வீட்டிலிருந்து இட்லிப் பொடியும் ஒரு சின்னக் குப்பியில் நல்லெண்ணெயும் கொண்டுபோங்கள். என் மாமியார் இப்போது மக்காச்சோளச் சூப்போடு இட்லிப் பொடி தொட்டு ஸ்டீம்போட் சாப்பிடுகிறார், அடுத்த பயணம் எப்போது என்று அவரே கேட்கிறார். டாம் யாம் சூப் பக்கம் அம்மாவை விடாதீர்கள், அந்த விழுதில் இறால் இருக்கும்.

தேயிலைத் தோட்டத்துக்கு வருவோம். 'போ' நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டம் பிரிஞ்சாங்குக்கு மேலே இருக்கிறது. சரிவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு ஒரு மேடை, அதில் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம், கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் தேயிலை. வழக்கமாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும், அதற்கேற்றபடி நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். போகும் சாலை மிகக் குறுகல், எதிரில் வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். திறந்த உடனே போய்விட வேண்டும். 11 மணிக்கு மேல் மேடையில் உட்கார இடம் கிடைக்காது. அங்கே கேக்கும் பலகாரமும் இருக்கும், ஆனால் சாப்பாட்டுக்கு அதை நம்பாதீர்கள், தோசையைச் சாப்பிட்டுவிட்டே போங்கள். தேநீரைப் பொறுத்தவரை 'பாலாஸ் சுப்ரீம்' என்ற வகையைப் பால் இல்லாமல், சர்க்கரை இல்லாமல் கேளுங்கள். அம்மாவுக்கு மிகவும் ஏற்றது. தோட்டத்து ஆட்கள் வீட்டில் குடித்ததெல்லாம் தூள், பாலும் சீனியும் போட்டுக் கொதிக்கவைத்தது. நல்ல இலையை வெறும் வெந்நீரில் ஊறவைத்து என் அம்மா முதன்முதலாகக் குடித்தது அந்த மேடையில், அறுபது வயதுக்கு மேல். அவர் அப்பா கிள்ளிய தேயிலை இப்படித்தான் ருசிக்கும் என்று அவருக்கு அன்றுவரை தெரியாது. அதைப் பற்றி நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் கனக்கிறது.

அம்மாவுக்கு முட்டி வலி இருந்தால் ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் நடுவில் பெரிய சாலையிலேயே இருக்கும் கேமரன் வேலி தேயிலைத் தோட்டம் சுலபம். 1933இல் தொடங்கிய பாரத் குழுமத்தினுடையது. காரை நிறுத்தி இறங்கினால் தேநீர்க் கடை, கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தேயிலை. காட்சி சுங்கை பாலாஸுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

ஸ்கோன் பற்றி நிறையப் பேர் சொல்வார்கள். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பழக்கம், பிட்டுப் பார்த்தால் உதிரும் ரொட்டி, அதில் ஸ்ட்ராபெரி ஜாமும் கிரீமும். 1930களில் கட்டிய ஸ்மோக்ஹவுஸ் என்ற பழைய ஆங்கிலேய வீட்டின் தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் அழகாகத்தான் இருக்கும், விலையும் அதற்கேற்றபடி. தானா ராத்தாவில் சின்னக் கடைகளிலும் கிடைக்கிறது. ஸ்கோனில் முட்டை சேர்ப்பவர்கள் உண்டு, அம்மாவுக்கு வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ராபெரி பறிக்கப் பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள், ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். எடை போட்டுத்தான் காசு, கூடையைச் சின்னவனிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பராக்குப் பார்த்தால் பில் எகிறிவிடும். பழம் நம் பேரங்காடியில் வரும் கொரியப் பழம்போல இனிக்காது, புளிப்புத்தான். எனக்கு அந்தப் புளிப்புப் பிடிக்கும். சாக்லேட்டில் முக்கிய குச்சிகளுக்குச் செலவழிக்க வேண்டாம்.

நான் செலவழிக்கச் சொல்வது சாலையோரச் சோளத்துக்கு. வேகவைத்த மஞ்சள் சோளம் எல்லா இடத்திலும் கிடைக்கும், அதை விட்டுவிட்டு வெள்ளைச் சோளம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதை வேகவைக்காமலே தோலுரித்துக் கடிக்கலாம், பல் பட்டதும் பால்போலச் சாறு வரும். பறித்த அன்றே சாப்பிட வேண்டிய பொருள், சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தால் அந்த ருசி பாதிகூட இருக்காது. அம்மாவுக்குப் பாதிக் கதிர் போதும், சர்க்கரை ஏறும். சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கும் அதே கணக்கு. பிரிஞ்சாங்குக்கும் தானா ராத்தாவுக்கும் இடையில் கோல்டன் ஹில்ஸ் பக்கம் வார இறுதியிலும் விடுமுறையிலும் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தை போடுவார்கள். சூடான சோயாப்பால், பொரித்த காளான், அப்பம் பாலிக் எல்லாம் கிடைக்கும். 5 மணிக்கே போய் 6 மணிக்குத் திரும்பிவிடுங்கள். சில்லறை ரிங்கிட் கையில் இருக்கட்டும்.

போகும் வழியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சாப்பாட்டோடு ஒட்டிய விஷயம் என்பதால் சொல்கிறேன். மலைக்கு இரண்டு பாதை. தாப்பா வழி பழையது, குறுகல், வளைவுக்கு மேல் வளைவு. ஈப்போவுக்குக் கொஞ்சம் முன்னால் சிம்பாங் பூலாயிலிருந்து ஏறுவது அகலம், வளைவும் குறைவு. எல்லோரும் பிள்ளைகளை நினைத்துச் சிம்பாங் பூலாய் வழியாக ஏறச் சொல்வார்கள். நான் ஏறும்போது தாப்பா, இறங்கும்போது சிம்பாங் பூலாய் என்பேன். தாப்பா வழியாக ஏறினால் கியா ஃபார்ம் நெரிசலைத் தொடாமலே தானா ராத்தா வந்துவிடும்.

விடியற்காலை 4 மணிக்கு உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியைக் கடந்தால் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் ஓட்டி 11 மணிவாக்கில் தாப்பாவில் இருக்கலாம். காலைச் சாப்பாட்டுக்கு அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் வீட்டு இட்லியைக் கட்டிக்கொள்ளுங்கள், கணவர் வேண்டுமானால் தஞ்சோங் மாலிமில் இறங்கி யிக் முன் கடையில் பாவ் வாங்கட்டும், பல தலைமுறை பார்த்த கடை அது. தாப்பாவில் வயிறு நிறையச் சாப்பிடவே கூடாது. மேலே ஏறும் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளின் வயிற்றைக் குலுக்கி எடுத்துவிடும். ஒரு ரொட்டி, ஒரு தே ஓ, அவ்வளவு போதும். புளிப்பு மிட்டாயும் பிளாஸ்டிக் பையும் பின்சீட்டில் இருக்கட்டும். பாதி வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவி, அங்கே கட்டாயம் நிறுத்தி எல்லோரும் பத்து நிமிஷம் நடக்க வேண்டும். சாலையோரத்தில் செமாய்ப் பழங்குடி மக்கள் பெத்தாய் என்ற காட்டு அவரையும் மூங்கில் குருத்தும் விற்பார்கள். பெத்தாய்க் கட்டு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் காட்டுப் பெத்தாய்க்கு ஈடு கிடையாது. மேலே போய்ச் சேர 1 மணி ஆகும், நேராக இலைச் சாப்பாடு.

திரும்பும் நாளில் 8 மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். கூட்டம் வருவதற்குள் கியா ஃபார்மில் காய் வாங்கிவிடலாம். முட்டைக்கோஸ், தக்காளி, பட்டாணி, கத்தரி எல்லாம் பசேலென்று இருக்கும். அப்படியே கம்போங் ராஜா வழியாக இறங்கினால் மதியத்துக்கு முன்னால் ஈப்போ. அங்கே லிட்டில் இந்தியாவில் அம்மாவுக்கு இன்னொரு இலைச் சாப்பாடு, உங்களுக்கு வெள்ளைக் காப்பி. கணவரை மட்டும் தனியாக 'நாசி வாங்கே' சாப்பிட அனுப்புங்கள். சிவப்பாகப் பொரித்த கோழி, உப்பு முட்டை, மேலே குழம்பைக் கலந்து ஊற்றிய சோறு. கடைக்காரர் வருகிறவர்களை "வாங்க, வாங்க" என்று அழைத்ததால் சோற்றுக்கே அந்தப் பெயர் வந்தது என்று ஈப்போவில் சொல்வார்கள். மலாய்க்காரரும் சீனரும் வரிசையில் நின்று தமிழ்ச் சொல்லைச் சொல்லிச் சோறு கேட்பதைக் காதால் கேட்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ரைஸ் குக்கரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பல ஹோட்டல்களில் அறைக்குள் சமைக்கவும் விடமாட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு நல்ல பிளாஸ்க், அம்மாவின் தட்டும் தம்ளரும், இட்லிப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், வறுத்த அவல் ஒரு டப்பா. முதல் நாள் ராத்திரி களைப்பில் யாருக்கும் வெளியே போக மனம் வராது. அன்றைக்குக் குமாரிலோ ஸ்ரீ பிரிஞ்சாங்கிலோ மதியம் எழுந்திருக்கும்போதே ஒரு டப்பா வெள்ளைச் சோறும் கெட்டித் தயிரும் கட்டி வாங்கிவிடுங்கள். ராத்திரி அறையில் ஊறுகாயோடு அம்மா சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டுத் தூங்கிவிடுவார். அறையில் ஃபிரிட்ஜ் இருந்தால் இரண்டையும் அதில் வைத்துவிடுங்கள்.